மூன்றாம் முறை தேறிய மாணவர்

மருந்துகள் வந்த வழி – 9

கோதாவரிக் கரையிலிருந்து மதராஸுக்கு ரயில் ஏறுகிற எவரும் ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் என்று வந்துதான் நகரத்துக்குள் நுழைய வேண்டும். இன்று அந்தப் பாதையோரத்தில் சிப்காட் தொழிற்பேட்டையும் உருக்காலைகளும் கன்டெய்னர் லாரிகளும் தெரிகின்றன. 1910களில் படிப்புக்காக மதராஸ் வந்து சேர்ந்த தெலுங்குப் பிள்ளைகளுள் ஒருவர் எல்லப்பிரகட சுப்பாராவ். இன்று அதே தடத்தில் புறநகர் வண்டியேறி, மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனைக்குக் கீமோ ஏற்றிக்கொள்ளப் போகிறவர்களில் பலருக்கு எழுதப்படும் ஒரு மருந்துக்கு மூலவேர் அவர்தான். அந்த மருத்துவமனையோடு சேர்ந்த மருத்துவக் கல்லூரியில்தான் அவர் படித்தார். அங்கே அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை.

சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். வறுமையான வீடு. மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். மாநிலக் கல்லூரி முடித்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியிருந்த காலம் அது. அறுவைச் சிகிச்சைக்கு அணியும் அங்கியையும் கதரிலேயே தைத்துப் போட்டுக்கொண்டு போனார். பேராசிரியர் பிராட்ஃபீல்டு முகம் சுளித்தார். மற்றப் பாடங்களை நன்றாக எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழைக் கொடுத்து அனுப்பினார்கள். மதராஸ் மருத்துவப் பணியிலும் இடம் கிடைக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்தார்.

இதற்கிடையில் வீட்டில் இரண்டு சாவு. இரண்டு சகோதரர்களையும் ஒரே நோய் சில நாள் இடைவெளியில் கொண்டுபோனது. ஸ்ப்ரூ என்பார்கள், சிறுகுடல் கெட்டு, உண்டது உடம்பில் ஒட்டாமல், ரத்தம் வற்றி ஆள் உருகிப்போகும் நோய். அதற்கு ஒரு மருந்து வேண்டும் என்ற எண்ணம் சுப்பாராவை விடவில்லை. 1920களின் தொடக்கத்தில் மாமனார் வீட்டுப் பண உதவியோடு பாஸ்டனுக்குக் கப்பல் ஏறினார். ஹார்வர்டில் பகலில் படிப்பு, மருத்துவமனையில் கழிகலம் எடுக்கும் வேலை. பிறகு அங்கேயே உயிர்வேதியியல் ஆராய்ச்சி. உடலின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களுள் அவரும் ஒருவர். 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து ஆய்வகத்துக்கு மாறினார்.

இந்தக் கதையின் இன்னொரு இழையும் மதராஸைத் தொட்டுச் செல்கிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழை ஆலைத் தொழிலாளப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் கிருமியா, உணவா என்று தேடிய வில்ஸ், 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் 1931இன் தொடக்கத்தில் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். இன்றைய கஸ்தூரிபா காந்தி தாய்சேய் மருத்துவமனைதான் அது. ரொட்டியில் தடவித் தின்னும் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைப் பிழைக்க வைத்தது. அதில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்று மட்டும் அப்போது தெரிந்தது. பின்னால் அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. இன்று கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்தோடு சேர்த்துத் தரப்படும் மாத்திரையில் இருப்பது அதுவே. 1945 வாக்கில் அதைச் செயற்கையாகச் செய்து காட்டிய லெடர்லி குழுவுக்குத் தலைமை சுப்பாராவ். சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தானது.

அப்புறம்தான் எதிர்பாராத திருப்பம். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். சோகை தீருமென்று நினைத்தது பொய்த்து, நோய் வேகம் பிடித்தது. ஃபார்பர் அதிலிருந்து நேர் எதிரான கேள்விக்கு வந்தார்: இந்தச் சத்து புற்றணுக்களுக்குத் தீனி என்றால், அதை மறித்தால் என்ன? லெடர்லியின் வேதியியலாளர்கள் ஃபோலிக் அமிலத்தில் சின்ன மாற்றங்கள் செய்து, பார்வைக்கு அதே போலவும் வேலையில் எதிராகவும் இருக்கும் மூலக்கூறுகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். 1947 டிசம்பர் இறுதியில் ஒரு சிறுவனுக்கு அதை ஏற்றினார்கள். 1948 ஜூன் 3 அன்று ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில், 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது பதிவாகியிருக்கிறது. சில வாரங்களில் முடிந்துவிடும் என்று கைவிடப்பட்ட பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள். சில மாதங்களுக்குப் பின் நோய் திரும்பியது என்பதும் உண்மை. ஆனாலும் மருந்தால் இந்த நோயை அசைக்க முடியும் என்று அதுவரை யாரும் காட்டியதில்லை. இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். நோபல் பரிசு இல்லை. அவர் பெயர் தெரியாமலே அவர் ஆய்வகத்து மருந்துகளைத் தின்று பிழைத்தவர்கள் எண்ணற்றவர்கள். யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அந்த ஆய்வகத்திலிருந்து வந்ததுதான்.

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட். நச்சு சற்றுக் குறைவு, கையாள எளிது. ஆகவே அதுவே நிலைத்தது. அது செய்யும் வேலை இது: ஒரு செல் இரண்டாகப் பிரிய டி.என்.ஏ. புதிதாக வேண்டும், டி.என்.ஏ. செய்ய ஃபோலிக் அமிலம் ஒரு நொதியில் போய் உட்கார்ந்து மாற வேண்டும். மெத்தோட்ரெக்சேட் முன்கூட்டியே அங்கே துண்டு போட்டு இடம் பிடித்துவிடுகிறது. உண்மையான ஃபோலிக் அமிலம் நின்றுகொண்டே போகிறது, செல் பிரிய முடியாமல் சாகிறது. ஓயாமல் பிரிகிற புற்றணுக்களுக்கு அடி பலமாக விழுகிறது. வாயின் உள்தோலும் எலும்பு மஜ்ஜையும் வேகமாகப் பிரிகிறவைதான். வாய்ப்புண்ணும், வார்டுகளில் அடிக்கடி கேட்கிற ‘கவுன்ட் இறங்கிடுச்சு’ என்ற பேச்சும் அதனால் வருபவை.

மருந்து கிடைத்ததோடு கதை முடியவில்லை. எவ்வளவு, எந்த வழியாக, எத்தனை நாள் கொடுப்பது என்று கண்டுபிடிக்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. இந்தத் தொடரில் இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1950களின் நடுவில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் மின் சியு லி என்ற சீன மருத்துவரும் ராய் ஹெர்ட்ஸும் கோரியோகார்சினோமாவுக்கு இதைக் கொடுத்தார்கள். முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று நம் பாட்டிகள் சொல்லும் நிலையைத் தொடர்ந்து கருப்பையில் சில பெண்களுக்கு வரும் கொடிய புற்று அது. எக்ஸ்ரே படத்தில் கட்டிகள் மறைந்த பிறகும், கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோன் சிறுநீரில் மிச்சமிருந்தது. கடைசிச் சொட்டும் மறையும்வரை லி மருந்தை நிறுத்தவில்லை. நோயில்லாதவர்களுக்கு விஷம் ஏற்றுகிறார் என்று மேலிடம் கோபப்பட்டு அவரை வெளியேற்றியது. ஆனால் அவர் சிகிச்சையளித்த பெண்களுக்கு நோய் திரும்பவில்லை. முன்னதாக நிறுத்தியவர்களுக்குத் திரும்பியது. மருந்து மட்டுமே கொடுத்துக் குணமாக்கிய முதல் திடக்கட்டிப் புற்று அதுதான். 1972இல் லிக்கு லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

குழந்தைகளின் ரத்தப் புற்றில் வேறு சிக்கல். ரத்தத்தில் ஓடும் மருந்து மூளையைச் சூழ்ந்த நீருக்குள் சரியாக நுழையாது. புற்றணுக்கள் அங்கே ஒளிந்துகொண்டு பின்னால் திரும்பி வரும். எனவே முதுகுத்தண்டில் ஊசி போட்டு மெத்தோட்ரெக்சேட்டை நேராக அங்கே அனுப்புகிறார்கள். எலும்புப் புற்றுக்குக் கொடுக்கும் அளவோ மிகப் பெரிது. அப்படியே விட்டால் ஆள் தாங்க மாட்டார். ஏராளமான திரவம் ஏற்றி, சிறுநீரைக் காரத்தன்மைக்குக் கொண்டுவந்து, குறித்த மணிநேரம் கழித்து லூக்கோவோரின் என்ற மாற்று மருந்தைக் கொடுத்து நல்ல செல்களை மீட்கிறார்கள். ரத்தத்தில் மருந்து எவ்வளவு மிச்சம் என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். மணிக்கணக்குத் தவறினால் சிறுநீரகம் போய்விடும்.

இந்த ஒழுங்கு தமிழகத்தில் வேரூன்றிய இடம் அடையாறு. தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தபோது 12 படுக்கைகள் இருந்தன. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1960இல் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு வந்தது. ஆனாலும் 1980களின் தொடக்கம்வரை இந்தியாவில் இந்த ரத்தப் புற்றிலிருந்து பிழைத்த பிள்ளைகள் 20 சதவீதத்துக்கும் குறைவு; மேலை நாடுகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். 1984இல் அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் இயன் மக்ராத்துடன் சேர்ந்து அடையாறு, மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எம்.சி.பி. 841 என்ற ஒரே திட்டத்தைக் கடைப்பிடித்தன. நம் பிள்ளைகளின் உடல்நிலையையும் நம் மருத்துவமனைகளின் வசதியையும் பார்த்து அமைத்த திட்டம். அதில் முதுகுத்தண்டு மெத்தோட்ரெக்சேட்டும் உண்டு. பிழைத்தவர்களின் பங்கு பாதியை நெருங்கியது. புது மருந்து ஒன்றும் வந்துவிடவில்லை. இருந்தவற்றை ஒழுங்காக, விடாமல் கொடுத்ததால் வந்த மாற்றம்.

‘விடாமல்’ என்பதுதான் கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் இன்றும் கடினமான பகுதி. ரத்தப் புற்றுக்கான சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்கிறது. மாத்திரைக்குச் சில ரூபாய்தான். ஈ.எஸ்.ஐ. அட்டையோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ இருந்தால் ஊசிச் செலவும் பெரும்பாலும் கையைக் கடிக்காது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். வெளிமாநிலத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவருக்கு மொழியும் தடை. பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஃபார்பரின் பிள்ளைகளுக்கு நேர்ந்தது போலவே நோய் திரும்புவது அப்போதுதான். கும்மிடிப்பூண்டியின் மாவட்டத் தலைநகரான திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைப்பதாக 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. இரண்டும் கைகோக்க வேண்டிய இடம் இந்த மாவட்டம்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே அவசியம். மூட்டு வாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் இதே மெத்தோட்ரெக்சேட் மிகச் சிறிய அளவில் தரப்படுகிறது, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். அதைத் தினசரி மாத்திரை என்று நினைத்து விழுங்கி உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. சீட்டில் கிழமையைப் பெரிதாக எழுதச் சொல்லி வாங்குவது நல்லது. கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. வேறு வலி மாத்திரை சேர்க்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எம்.சி.பி. 841இல் மெத்தோட்ரெக்சேட்டோடு கைகோத்த இன்னொரு மருந்து வின்கிரிஸ்டின். ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களில் பயிராகும் நித்யகல்யாணிச் செடியில் கிடைப்பது. அதன் வரலாறு அடுத்த வாரம்.

(தொடரும்)