சகானா: ஆழிப்பேரலைக்குப் பின் பிறந்த கட்டற்ற மென்பொருள்

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரக் கரையையும் இலங்கையையும் ஒரே காலையில் தாக்கியது. இலங்கையில் காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றின் விவரங்கள் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடந்தன. தேடி அலைந்த உறவினருக்கு ஒரே பட்டியல் தேவைப்பட்டது.

இதற்காக அந்நாட்டின் தன்னார்வ நிரலாளர்கள் சில நாட்களிலேயே ஒரு மென்பொருளை எழுதினர். சிங்களத்தில் நிவாரணத்தைக் குறிக்கும் 'சகானா' என்பதே அதன் பெயராயிற்று.

மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியானதால், எவரும் அதைத் திருத்திப் பயன்படுத்த முடிந்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010இல் எயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதையும் பெற்றது.

ஒரு கரையின் துயரில் எழுதப்பட்ட நிரல், பூட்டி வைக்கப்படாததால் பிற நாடுகளுக்கும் உதவியது.