ஜகார்த்தாவில் கோலுக்குள் யார்?

வெலிங்டன் பக்கம் வளர்ந்தவர்களுக்கு எம்.ஆர்.சி. என்றால் விளக்கம் தேவையில்லை. மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர். சின்ன வயதில் அந்த மைதானத்து ஓரத்தில் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு ஆட்டம் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிற்கும் பெரியவர்கள், கோலி எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும், “தங்கராஜ் நின்ற கோல் இது தம்பி” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்கள்.

பீட்டர் தங்கராஜ் 1935-ல் ஐதராபாத்தில் பிறந்தவர். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்து எம்.ஆர்.சி. அணிக்கு ஆடியபோது முதலில் சென்டர் ஃபார்வர்டு. பிறகுதான் கோலுக்குள் போனார். ஆறடியைத் தாண்டிய உயரம். எம்.ஆர்.சி. 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக்கும் போய்வந்தார். இதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது 1962-ல் அவரை ஆட விடலாமா என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருந்த கதை.

ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. நம் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், பள்ளி ஆசிரியராக இருந்தவர். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றோம். பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று தட்டுத்தடுமாறித் தாண்டினோம். தங்கராஜோ ஃப்ளூ காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் இடத்தில் நின்றவர் வங்காளத்து பிரத்யுத் பர்மன்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. எதிரே மறுபடியும் தென் கொரியா. காய்ச்சல் விட்டும் விடாமலும் இருக்கும் மனிதனை இறக்குவதா, அணியை இறுதிவரை கொண்டுவந்த பையனையே நிறுத்துவதா? ஃபார்வர்டு என்றால் முடியாதபோது கொஞ்சம் ஒதுங்கி நிற்கலாம். கோலிக்கு அந்த வசதி இல்லை. இன்றுபோல நடுவில் ஆளை மாற்றவும் அப்போது முடியாது.

ரஹீம் தங்கராஜை இறக்கினார்.

ஏன் என்பதற்கு என் கணக்கைச் சொல்கிறேன். எத்தனை பந்தைத் தடுத்தான் என்று மட்டும் பார்த்துக் கோலியை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். உயரப் பந்து வரும்போது கோட்டிலேயே நிற்கிறானா, வெளியே வந்து பறிக்கிறானா? முன்னால் நிற்கும் டிஃபென்டர்களைக் குரல்கொடுத்து நகர்த்துகிறானா? ஒரு கோல் விழுந்தபின் அடுத்த ஐந்து நிமிடம் எப்படி இருக்கிறான்? இதை ஒரு வாரத்தில் கண்டுபிடிக்க முடியாது. ரஹீம் தங்கராஜை மெல்போர்னிலிருந்து ஆறு வருடம் பார்த்தவர். அதோடு அன்று அரங்கமே நமக்கு எதிரி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்காததை நம் நாட்டுப் பிரதிநிதி சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தில் செனயன் அரங்கம் முழுக்க நம்மவர்களுக்கு எதிராகக் கூச்சல். அங்கே நிற்கப் பழகிய ஆள் வேண்டும் என்று நினைத்திருப்பார்.

அன்று அவர் இன்னொரு துணிச்சலும் செய்தார். தலையில் தையலோடு இருந்த ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கை, அரையிறுதியில் ஆடவிட்டதைப் போலவே, முன்வரிசையில் நிறுத்தினார். பி.கே.பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. இருபது நிமிடத்துக்குள் 2-0. அதன்பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் கோலைக் காக்கிற வேலைதான். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது கொரியா ஒன்று போட்டது. அதற்கப்புறம் போட முடியவில்லை. 2-1, தங்கம்.

ஜெயித்ததால் முடிவு சரி என்கிறோம். இன்னொரு கோல் விழுந்திருந்தால் “காய்ச்சல்காரனை யார் இறக்கச் சொன்னது?” என்று நாமே ரஹீமைக் கிழித்திருப்போம். பர்மனைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு. பதக்கம் அவருக்கும் உண்டு. ஆனால் அந்த மாலை அவர் வெளியே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அது உறுத்தக் காரணம் உண்டு. எண்பதுகளில் எங்கள் ஊர் கிளப்புக்கு நான் செயலாளர். லீக் முழுக்கக் கோலில் நின்றவன் ஒரு குள்ளமான பையன், பேக்கரியில் வேலை. இறுதி ஆட்டத்துக்கு அவனை உட்காரவைத்து, உயரமான வெளியூர்ப் பையன் ஒருவனை இறக்கினேன். அவனை இரண்டே ஆட்டம்தான் பார்த்திருந்தேன். ரஹீம் கதையை மனதில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். அவருடைய ஆறு வருடம் என்னிடம் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை. 0-3.

பேக்கரிப் பையனுக்கு இப்போது அறுபது வயது, சொந்தக் கடை. போன தீபாவளிக்கும் வர்க்கி கொண்டுவந்து கொடுத்து, “அண்ணா, நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனான். அந்த ஆட்டத்தைப் பற்றி இதுவரை அவனும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.