மும்பை மௌன அஞ்சலி, 2006

2006 ஆம் ஆண்டு ஜூலை 18 ஆம் நாள் மாலை 6.25 மணிக்கு மும்பை நகரம் இரண்டு நிமிடங்கள் மௌனம் காத்தது. சரியாக ஒரு வாரத்திற்கு முன்பு அந்நகரின் புறநகர்த் தொடர்வண்டிகளில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் உயிரிழந்தோருக்குச் செலுத்தப்பட்ட அஞ்சலி இதுவாகும்.

பின்னணி

2006, ஜூலை 11 அன்று மாலை, மேற்கு இரயில்வேயின் புறநகர்த் தடத்தில் சென்ற தொடர்வண்டிகளில் பதினொரு நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. மக்கள் பணி முடிந்து வீடு திரும்பும் நெரிசல் மிகுந்த நேரம் அது. குண்டுகள் அனைத்தும் முதல் வகுப்புப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தன. மாட்டுங்கா சாலை, மாகிம், பாந்திரா, கார், ஜோகேஸ்வரி, போரிவலி, மீரா சாலை ஆகிய நிலையங்களிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் இவை வெடித்தன. 180 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல நூறு பேர் காயமடைந்தனர்.

மறுநாளே தொடர்வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. இது மும்பை மக்களின் மன உறுதிக்குச் சான்றாகப் பாராட்டப்பட்டது. எனினும், அன்றாட வருவாயை நம்பி வாழ்வோருக்குப் பணிக்குத் திரும்புவதன்றி வேறு வழியில்லை என்ற கருத்தும் உண்டு.

அஞ்சலி நிகழ்வு

குண்டுகள் வெடிக்கத் தொடங்கிய அதே மாலை நேரம் அஞ்சலிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நகரெங்கும் சங்குகள் ஒலித்தன. போக்குவரத்து விளக்குகள் சிவப்பு நிறத்திற்கு மாற்றப்பட்டன. திரையரங்குகளில் காட்சிகள் இடையில் நிறுத்தப்பட்டன. குண்டு வெடித்த இடங்களுள் ஒன்றான மாகிம் நிலையத்தில் நடந்த நினைவு நிகழ்ச்சியில், அப்போதைய குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் கலந்து கொண்டார். அங்கு மலர்வளையம் வைக்கப்பட்டு, மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டன.

வழக்கு

2015 செப்டம்பரில் சிறப்பு நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களுள் ஐவருக்கு மரண தண்டனையும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதிக்கப்பட்டன. குற்றச்சாட்டுகளை அரசுத் தரப்பு மெய்ப்பிக்கவில்லை எனக் கூறி, 2025, ஜூலை 21 அன்று மும்பை உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. தண்டனை பெற்றவர்களுள் ஒருவர் 2021 இல் சிறைக் காவலில் இருந்தபோதே இறந்திருந்தார். இத்தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என 2025, ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் விடுதலை பெற்றோர் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்றும் அது தெரிவித்தது. இதனால், நகரம் மௌனம் காத்துப் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்த நிலையில், குண்டு வைத்தவர்கள் யார் என்ற வினா உறவுகளை இழந்த குடும்பங்கள் முன் மீண்டும் எழுந்தது.