நிற்காத வளர்ச்சி: மூளையின் உருவாக்கமும் குழந்தைகளின் மூளைக்கட்டிகளும்

குழந்தைகளுக்கு வரும் மூளைக்கட்டிகளில் பலவற்றின் வேர், மூளை உருவாகும் காலத்திலேயே இருக்கிறது. பெரியவர்களின் புற்றுநோய் பெரும்பாலும் நீண்டகாலமாகச் சேரும் விகாரங்களால் வருவது. குழந்தையின் கட்டியிலோ விகாரங்கள் மிகக் குறைவு. சிலவேளை ஒன்றிரண்டே போதும். பெருகுவதையே வேலையாகக் கொண்ட கலங்களில் அவை நேர்கின்றன. அங்கே பெருக்கத்தைத் தொடக்கிவைக்க வேண்டியதில்லை, நிற்க வேண்டிய நேரத்தில் அது நிற்காமற் போனாலே கட்டி உண்டாகும். கருக்காலக் கலங்களின் மிச்சமே கட்டியாகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் நோயியலாளர் யூலியஸ் கோன்ஹைம் ஊகித்தார்; அதைச் சோதித்துப் பார்க்கும் கருவிகள் அன்று இருக்கவில்லை.

இதற்குத் தெளிவான சான்று சிறுமூளை. கருவின் நான்காம் வாரத்தில் நரம்புக் குழாய் மூடிக்கொள்கிறது. சிறுமூளை அதன்பின் உருவாகத் தொடங்கி, குழந்தை பிறந்த பிறகும் வளர்கிறது. மனித மூளையின் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்களில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில்தான் உள்ளன; அவற்றில் மிகப் பெரும்பாலானவை சிறுமணிக் கலங்கள். இவற்றின் முன்னோடிகள் சிறுமூளையின் மேற்பரப்பில் நாற்றுமேடை போலப் பரவிப் பெருகி, பின் உள்ளே இறங்கிப் பிரிவதை நிறுத்துகின்றன. இரண்டாம் வயதுக்குள் அந்த மேலடுக்கு மறைந்துவிடும்.

பெருகச் சொல்லும் சமிக்ஞை, கீழுள்ள பர்கிஞ்சி கலங்களிலிருந்து வருகிறது. அதன் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஹெட்ஜ்ஹாக் குடும்பத்தின் முதல் பரம்பரையலகை 1980இல் பழ ஈயில் விவரித்த நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷாவுஸும் 1995இல் நோபல் பரிசு பெற்றனர். அந்தச் சமிக்ஞைக்குக் கடிவாளமாக இருக்கும் பரம்பரையலகு பழுதானால், முன்னோடிக் கலங்கள் பிரிந்துகொண்டே இருக்கும். அதுவே 1925இல் பெய்லியும் குஷிங்கும் பெயரிட்ட மெடுலோபிளாஸ்டோமாவின் ஒரு வகை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்த வகை அதிகம்.

அதே பெயர் கொண்ட மற்ற வகைகளின் பிறப்பிடம் வேறு. ஒன்று மூளைத்தண்டின் முதுகுப்புறக் கலங்களில் தோன்றுகிறது. அதில் பிழைக்கும் வாய்ப்பு மிக நல்லது. வேறு இரண்டு, சிறுமூளையின் கருவிளிம்பிலுள்ள கலங்களிலிருந்து வருகின்றன என்று 2022இல் ஆய்வுகள் காட்டின. அந்த விளிம்பு மனிதரில் எலியைவிட விரிவாக அமைந்திருப்பதால், எலியை மட்டும் பார்த்து இதை அறிய முடியவில்லை.

மூளைப்பாலத்தில் வரும் கட்டி மிகக் கொடியது. அந்தக் கட்டியின் கலங்களில் ஹிஸ்டோன் புரதத்தின் 27ஆம் இடத்தில் லைசினுக்குப் பதில் மெதியோனின் வந்துவிடுவதை 2012இல் கண்டறிந்தார்கள். எந்தப் பரம்பரையலகு எப்போது மூடப்பட வேண்டும் என்ற ஒழுங்கை அந்த மாற்றம் குலைத்துவிட, கலம் முதிராமலே பெருகுகிறது. இது பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து வயதுக்குள் தாக்குகிறது.

ஆகவே தாய் கர்ப்பத்தில் கொழுந்துக் கூடை சுமந்ததாலோ, குழந்தை லயத்து வாசலில் விழுந்ததாலோ கட்டி வருவதில்லை. சில குடும்பங்களில் பரம்பரைக் காரணம் உண்டு. பெரும்பாலும் அதுவும் இல்லை. எந்தத் தாயும் தன்னையே குற்றஞ்சாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

வளரும் மூளையே சிகிச்சையையும் கட்டுப்படுத்துகிறது. கதிர்வீச்சு, கட்டியோடு சேர்த்து வளர்ச்சியையும் பாதிக்கும். அதனால் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு இயன்றவரை அதைத் தள்ளிவைத்து, அறுவையும் மருந்தும் தருகிறார்கள்.

சிறுமூளைக் கட்டி நான்காம் மூளையறையை அடைத்தால் மூளைநீர் தேங்கும். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, தள்ளாடும் நடை, புதிதாக வந்த மாறுகண், கைக்குழந்தையின் தலை வேகமாகப் பெருத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். காலை வாந்தியைப் பூச்சித் தொல்லை என்று வாரக்கணக்கில் விட்டுவிடக் கூடாது. லுணுகலைத் தோட்டங்களின் பெற்றோரே, இந்த அடையாளங்கள் நீடித்தால், தோட்ட டிஸ்பென்சரியின் மாத்திரையோடு நின்றுவிடாமல், பிள்ளையைப் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூளைப் படம் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சிறுவர்களுக்கான புற்றுநோய்ச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது.