பழைய சிந்தசைசர்களில் நிரல் பதித்த சில்லுகளை மாற்றுதல்

1978இல் அமெரிக்காவில் டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் புராஃபெட்-5 என்னும் சிந்தசைசரை வெளியிட்டது. ஒரே நேரத்தில் ஐந்து சுரங்களை ஒலிக்கும் இக்கருவியில் ஒலியை உண்டாக்குபவை அனலாக் சுற்றுகளே. விசைகளைக் கவனிப்பது, இசைஞர் அமைத்த ஒலிகளைச் சேமிப்பது, சுருதி சேர்ப்பது ஆகியவை இசட்80 என்ற நுண்செயலியின் வேலை. செயலி பழுதானால், மற்றச் சுற்றுகள் நன்றாக இருந்தாலும் கருவி ஊமையாகிவிடும்.

அப்போது முதலில் பார்க்க வேண்டியது நிரல் எங்கே இருக்கிறது என்பதைத்தான். புராஃபெட்-5இல் அது ஈப்ராம் எனப்படும் தனிச் சில்லுகளில் உள்ளது. எனவே வேறொரு இசட்80ஐ வாங்கிப் பொருத்தினால் போதும். (சைலாக் நிறுவனம் 2024இல் இதன் உற்பத்தியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. ஆயினும் பழைய இருப்பு கிடைக்கிறது.)

ஈப்ராமை 1971இல் இன்டெல் நிறுவனத்தில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கினார். இதன் மேலுள்ள கண்ணாடிச் சாளரத்தின் வழியே புற ஊதாக் கதிரைச் செலுத்தினால் நிரல் அழியும். பிறகு புதிதாக எழுதலாம். சாளரத்தின் மேல் ஒட்டிய தாளை உரிக்கக் கூடாது என்பது இதனால்தான். உள்ளே தேங்கிய மின்னூட்டம் பல பத்தாண்டுகளில் மெல்லக் கசிந்து நிரல் சிதையவும் கூடும். ஆகவே கருவி நன்றாக இயங்கும்போதே நிரலைப் படித்துப் படியெடுத்து வைப்பது நல்லது. அக்காலத்தில் பரவலாக இருந்த 2716 ஈப்ராமில் எழுத 25 வோல்ட் தேவை. மலிவான இக்கால எழுதுகருவிகள் பலவற்றால் அதைத் தர முடியாது.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனக் கருவிகளில்தான் உண்மையான சிக்கல். 1980இல் வந்த டிஆர்-808 தாள இயந்திரத்தில் என்இசி நிறுவனத்தின் டி650சி-085 சில்லு இருக்கிறது. டிபி-303இல் இருப்பது டி650சி-133, டிஆர்-606இல் இருப்பது டி650சி-128. மூன்றும் ஒரே வகைச் சில்லுகள்தாம். கடைசி மூன்று இலக்கங்களே உள்ளிருக்கும் நிரலைக் குறிக்கின்றன. சில்லைத் தயாரிக்கும்போதே நிரலும் அதன் அமைப்பாகப் பதிக்கப்பட்டுவிடும். ஈப்ராம் கரும்பலகை என்றால் இது கல்வெட்டு. எண்ணின் முற்பகுதியை மட்டும் பார்த்து வாங்கினால் பணம் வீண். அதே இலக்கம் கொண்ட சில்லை இன்னொரு கருவியிலிருந்துதான் கழற்ற வேண்டும், அதாவது ஒன்றைப் பிழைக்க வைக்க மற்றொன்றைக் கொல்ல வேண்டும். சரண்ஜித் சிங் 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த இசைத்தட்டில் ஒலிப்பவை 808, 303 ஆகிய இவ்விரண்டும் ஜூபிடர்-8உம்தான்.

இன்டெல் 8048 குடும்பச் சில்லுகளின் நிலை சற்று மேல். கோர்க் பாலிசிக்ஸ் (1981) இவ்வகையைச் சேர்ந்தது. உள்ளே பதித்த நிரலைத் தகுந்த மின்னழுத்தம் கொடுத்து வெளியே படிக்கலாம், அதே குடும்பத்தின் அழித்தெழுதும் வகைச் சில்லில் எழுதிப் பொருத்தலாம். பாலிசிக்ஸில் கசியும் மின்கலம் பலகையை அரித்திருக்கும் என்பதால் அதை முதலில் சுத்தம் செய்ய வேண்டும்.

நிரல் நிறுவனத்தின் உடைமை, அதைப் படியெடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் மாற்றுச் சில்லை விற்க யாருமில்லாதபோது, படி இல்லையென்றால் கருவியும் இல்லை. 303க்கு ஆர்வலர்கள் வேறு வழி கண்டனர். பழைய நிரலைத் தேடாமல், புதிதாக நிரல் எழுதிய இக்கால நுண்கட்டுப்படுத்தியை அதே இடத்தில் பொருத்துகின்றனர்.