மொழியை ஆக்கியவருக்கு அதன்மீது என்ன உரிமை?

செயற்கை மொழிகளின் வரலாற்றைப் பேசும்போதெல்லாம் மாணவர்கள் தவறாமல் எழுப்பும் வினா ஒன்று உண்டு. வோலாப்யூக் ஏன் மறைந்தது? எஸ்பெராண்டோ ஏன் நிலைத்தது? முன்னது கடினம், பின்னது எளிது என்பதே வழக்கமாகத் தரப்படும் விடை. அவ்விடை பாதி உண்மை மட்டுமே என்பது என் கருத்து.

வோலாப்யூக்கை ஆக்கியவர் தென்ஜெர்மனியின் பாடன் பகுதியைச் சேர்ந்த யோகான் மார்ட்டின் ஷ்லையர் என்னும் கத்தோலிக்கக் குரு. 1879இல் உறக்கம் வராத ஓர் இரவில் இறைவனே தம்மை இப்பணிக்கு ஏவியதாக அவர் கூறினார். உலகம், பேசுதல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைக் குறுக்கியும் திரித்தும் அவர் அமைத்ததே வோலாப்யூக் என்னும் பெயர். அச்சொற்களை ஆங்கிலேயராலும் இனங்காண இயலவில்லை. நான்கு வேற்றுமைகளும் எண்ணற்ற வினைத்திரிபுகளும் கற்போரைச் சோதித்தன. இருந்தும் மொழி பரவியது. 1884இலும் 1887இலும் நடந்த முதலிரு மாநாடுகளில் ஜெர்மனே பேசப்பட்டது. 1889இல் பாரிஸில் கூடிய மூன்றாம் மாநாடோ வோலாப்யூக்கிலேயே நடைபெற்றது. கற்கவே இயலாத மொழியில் மாநாடு நடத்த முடியாது. ஆகவே, வீழ்ச்சிக்குக் கடினத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது பொருந்தாது.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. வோலாப்யூக் கழகத்தின் தலைவராக இருந்தவர் ஆகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ். மறையீட்டியல் பயில்வோர் 1883ஆம் ஆண்டின் கெர்க்ஹாஃப்ஸ் கோட்பாட்டின் வழியே இவரை அறிவர். இலக்கணத்தை எளிமையாக்க அவரும் பிறரும் முனைந்தனர். மொழி தம் படைப்பு, எனவே எம்முடிவையும் தடுக்கும் அதிகாரம் தமக்கு வேண்டும் என்று ஷ்லையர் பிடிவாதமாக நின்றார். இயக்கம் பிளவுற்றது. கழகத்தில் எஞ்சியோர் அம்மொழியையே கைவிட்டு, 1902இல் இடியம் நியூட்ரல் என்னும் வேறொரு மொழியை வெளியிட்டனர்.

வார்சாவில் கண் மருத்துவராக விளங்கிய லூதவிக் சாமன்ஹாஃப் இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டார். 16 விதிகளும் ஏறத்தாழ 900 வேர்ச்சொற்களும் கொண்ட சிறு நூலை 1887இல் புனைபெயரில் வெளியிட்டார். மொழி பொதுச்சொத்து, அதன்மீது தமக்கு எவ்வுரிமையும் இல்லை என்று அம்முதல் நூலிலேயே அறிவித்தார். 1894இல் சீர்திருத்த யோசனைகள் எழுந்தபோது அவற்றை வாசகர் வாக்கெடுப்புக்கு விட்டார். பெரும்பான்மையோர் மாற்றம் வேண்டாம் என்றனர். 1905இல் பிரான்சின் புலோன் நகரில் கூடிய மாநாடு அடிப்படை இலக்கணத்தையும் சொற்றொகுதியையும் எவராலும் மாற்றவியலாதவை என உறுதிசெய்தது. ஆக்கியவரும் அத்தடைக்கு விலக்கல்லர். புதுச்சொற்கள் புகுவதற்கோ தடையில்லை. அவற்றின் வாழ்வும் தாழ்வும் பேசுவோர் கையில் விடப்பட்டன.

இவ்விளக்கத்தைச் சோதித்தறிய வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்தது. 1907இல் எஸ்பெராண்டோவின் குறைகளைக் களைந்து இடோ என்னும் மொழி உருவாக்கப்பட்டது. மேற்குறியிட்ட எழுத்துகள் நீக்கப்பட்டன. சொல்லாக்கம் தருக்க ஒழுங்குக்கு உட்படுத்தப்பட்டது. லூயி குத்யூரா போன்ற தருக்க அறிஞர்கள் அதன்பின் நின்றனர். இயக்கத்தின் தலைமக்கள் சிலர் அப்பக்கம் சாய்ந்தனர். பெருந்திரளான பேச்சாளர்கள் சாயவில்லை. எளிமையே வெற்றிக்குக் காரணமெனில், இடோ எஸ்பெராண்டோவை வென்றிருக்க வேண்டும்.

இயற்கை மொழிகளில் வழக்கு முந்தியது; இலக்கணம் பிந்தியது. ஆக்கமொழிகளில் இவ்வரிசை தலைகீழாகிறது. இலக்கண நூலாகப் பிறந்த ஒன்று மக்கள் வழக்காக மாறும் தருணமே அதன் வரலாற்றில் இக்கட்டான தருணம். அப்போது ஆக்கியவர் விலகி நிற்க வேண்டும்; அடிக்கடி திருத்தப்படும் என்ற அச்சமும் பேசுவோருக்கு அகல வேண்டும். சாமன்ஹாஃப் இரண்டையும் உறுதிசெய்தார். எஸ்பெராண்டோவைத் தாய்மொழிகளுள் ஒன்றாகக் கொண்டு வளர்ந்தோர் இன்று பல நாடுகளில் உள்ளனர்.

1912 ஆகஸ்டில் கிராக்கோவ் மாநாட்டில் சாமன்ஹாஃப் தம் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். அதே மாதத்தில் கான்ஸ்டன்ஸ் நகரில் ஷ்லையர் காலமானார். தம் மொழியின்மீது கொண்ட உரிமையை அவர் இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அதைப் பேசுவோர்தாம் அருகிப்போயிருந்தனர்.