ஒலிபெருக்கியும் ஊர்ப் பொதுவிடமும்: புதுவைச் சிற்றூர்களில் தகவல் நிலையங்கள்

கணிப்பொறி ஏழைக் கிராமத்திற்கு உதவுமா என்னும் வினா, 1998-இல் புதுவைச் சிற்றூர்களில் நடைமுறைச் சோதனைக்கு உள்ளாயிற்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு நிதியுதவியுடன் அங்குத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுநிலையமாக அமைந்தது. தொலைபேசி சரிவர எட்டாத ஊர்களுக்கு வானொலி அலைகள் வழியே செய்தி சென்றது.

எனினும், இம்முயற்சியில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது கருவியை அன்று. அதற்கு முன்வைக்கப்பட்ட நிபந்தனையையே. நிலையத்திற்கு இடம் தருவது ஊராரின் பொறுப்பு. அவ்விடம் தலித் மக்கள் உட்பட அனைவரும் தடையின்றி வரக்கூடியதாய் இருத்தல் வேண்டும். கிராம ஊழியத்தில் பழகியோர் இந்நிபந்தனையின் எடையை அறிவர். கிணறு எத்தெருவில் வெட்டப்படுகிறதோ, அதைப் பொறுத்தே தண்ணீர் யாருக்கு என்பது நம் ஊர்களில் முடிவாகிறது, செய்தியும் அவ்வாறே. அரசின் உதவித் திட்டங்கள் எவை, அவற்றிற்கு உரியோர் யாவர் என்னும் விவரம் இந்நிலையங்களில் கிடைத்தது. அதனை ஒருவரது வீட்டுத் திண்ணையில் வைத்திருந்தால், அவ்வீட்டாரின் தயவை நாடியே ஏழை அதனைப் பெற்றிருப்பார்.

கடலோரத்தில் மற்றொரு தேவை இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வெளியிட்ட அலை உயரக் கணிப்பு வில்லியனூரில் பெறப்பட்டு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே தமிழில் அறிவிக்கப்பட்டது. போர்க்கப்பல்களுக்கெனக் கணித்தது கட்டுமரக்காரருக்குப் பயன்பட்டது விந்தையே! கேட்போருக்கு எழுத்தறிவும் தேவைப்படவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று காலை, சுனாமி குறித்து எந்தக் கணிப்பொறியும் இவ்வூர்களை எச்சரிக்கவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பே அன்று இல்லை. நல்லவாடு ஊரினரும் முன்னர் இத்திட்டத்தின் தொண்டருமான ஓர் இளைஞர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். செய்தியறிந்த அவர் தொலைபேசியில் ஊரை அழைத்தார். ஊரார் நிலையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அபாயத்தை அறிவித்தனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. மக்களோ முன்னரே வெளியேறியிருந்தனர். இதனைத் தகவல் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று எழுதியோர் பலர். கதவை உடைக்க எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியிராத பொதுவிடமாக அது இருந்ததையும் அவர்கள் சேர்த்து எழுதியிருக்கலாம்.

ஐதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இல் அமைக்கப்பட்டது.